பேட்டரி மேல் பழி

அப்பாவின் பழைய ஜாவாவுக்கு ஒரே வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றினேன். மூன்றும் படுத்துவிட்டன. எஞ்சின் வேகமெடுத்ததும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அணையவே இல்லை. டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்று வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மொழிபெயர்ப்பாளனான எனக்கு அது புரியவில்லை.

கடைசியில் வண்டி பிறந்த மைசூருக்கே கொண்டுபோனேன். 1961-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். பேட்டரியில் மீட்டரை வைத்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். ஏழு வோல்ட்டை நெருங்க வேண்டிய முள் ஆறிலேயே நின்றது.

வலப்பக்க மூடியைக் கழற்றினார். டைனமோவின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தன. கம்யூட்டேட்டரில் கரி அப்பியிருந்தது. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, புது பிரஷ்களைப் பொருத்தினார். ரெகுலேட்டரின் எர்த் வயர் முனையில் படிந்த துருவையும் தேய்த்தெடுத்தார். மறுபடி முறுக்கியதும் விளக்கு அணைந்தது.

ஆன செலவு ஒரு பேட்டரி விலையில் கால்வாசிகூட இல்லை.

“பையனுக்கு இந்த வேலை தெரியுமா?” என்று கேட்டேன். “அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் பார்க்கிறான்” என்றார்.

பாக்கெட்டிலிருந்த நோட்டை எடுத்து, அவர் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டேன்.