வெளிறிய தோலுக்கு அழகென்று பெயரா?

ஆங்கிலத்தில் 'ஃபேர்' என்றோர் அடைச்சொல் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அஃது அழகையே குறித்தது. பின்னர் வெளிறிய தோலையும் பொன்னிற மயிரையும் குறித்தது, நடுநிலையையும் குறித்தது. அழகும் வெண்மையும் அறமும் ஆங்கிலேயன் வாயில் ஒரே சொல்லாயின. தன் நிறத்தை அவன் அழகென்றான்; அஃது அவன் விருப்பம். அச்சொல்லைக் கொண்டு தமிழன் தன் மகளின் முகத்தை அளப்பதே மானக்கேடு!

மணமகள் வேண்டி வரும் விளம்பரங்களைப் பார்க்க. படிப்புக்கும் ஊதியத்திற்கும் அருகில் 'ஃபேர்' நிற்கும். மணமகன் கருப்பு, அவனைப் பெற்றோர் கருப்பு, வரும் பெண் மட்டும் வெளுத்திருக்க வேண்டுமாம்! இதில் நடுநிலை எங்கே?

தமிழில் இம்மயக்கம் இல்லை. எழில், கவின், வனப்பு என அழகுக்குத் தனிச்சொற்கள் உள. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அங்கே அவர் காட்டும் உவமை துலைக்கோல், தோலன்று! தொல்காப்பியர் முல்லைக்குக் கூறிய தெய்வம் மாயோன், கருநிறத்தோன். குறுந்தொகைத் தலைவி தன் மாமை நிறத்தைப் பசலை உண்ணுமே என்று வருந்துகிறாள். மாமை, மாந்தளிரின் நிறம். பசலை, பிரிவால் வரும் வெளிறல். அன்றைத் தமிழுக்கு மாமை நலம், வெளிறல் நோய்.

அம்மாமையோடு உறவுடைய 'மாநிறம்' இன்று என்ன பாடுபடுகிறது? "பெண் மாநிறந்தான், ஆனாலும் நன்றாகப் படித்தவள்" என்கின்றனர். அந்த 'ஆனாலும்' ஒரு பெண்ணின் நெஞ்சில் பாய்ச்சும் வேல்!

நிறவேற்றுமை ஆங்கிலேயனால் மட்டும் வந்ததன்று. ஆயின் அதற்கு அழகென்றும் அறமென்றும் முகமூடி அணிவித்தது இச்சொல். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு, 45 ஆண்டுகள் அம்முகமூடியை விற்றது. 2020-இல் நிறவெறிக்கு எதிராக உலகெங்கும் குரல் எழுந்தபின், பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என மாறிற்று. வணிகன் உறையினின்று உரித்தெறிந்த சொல்லைத் தமிழன் உள்ளத்தினின்று உரித்தெறியவில்லை!

தமிழரே! மணவிளம்பரத்தில் நிறத்தை எழுதாதீர். பெண்பார்க்கச் சென்ற வீட்டில் நிறம் கேளாதீர். மகளின் மாமையை எழில் என்றே சொல்லி வளர்த்திடுக. அயற்சொல்லோடு அயலளவும் தொலைக!