மாதிரி விமானத்துக்கு இறக்கை

ஆகாயவிமான மாதிரி அமைக்கும் மாணவர், சிறியதொன்றிலே வெற்றிகண்டபின் இரட்டை எஞ்சின் பூண்ட பெரியதொன்றை விரும்புதல் இயல்பே. யாழ்ப்பாணத்தார் நினைவிற் கொள்ளத்தக்க அத்தகைய விமானம் டக்கோட்டா. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதற் பயணம், இரத்மலானையிலிருந்து, காங்கேசன்துறை நிலையமெனப்பட்ட பலாலி வழியாகச் சென்னைக்கு நிகழ்ந்தது அவ்வகை விமானத்திலேயே. அதன் இறக்கை நுனிக்கு நுனி 95 அடி. பத்திலொரு பங்கு மாதிரிக்கும் 9½ அடி வேண்டும். அதனை எதனாற் செய்வது?

தடித்த மரமே உறுதி தருமென்று எண்ணுவோர் ஒரு கணக்கை மறத்தலாகாது. ஒரு மாதிரியின் எல்லா அளவுகளையும் இருமடங்காக்கினால், இறக்கைப் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். ஆகவே ஒவ்வொரு சதுர அடியும் முன்னையினும் இருமடங்கு சுமக்க வேண்டும். பருமனைக் கூட்டுவது சுமையையே கூட்டுவதாகும்.

வழி யாது? நம் பனையைப் பார்ப்போம். அதன் புறத்தே வைரம், உள்ளே மென்மை. காற்றில் வளையும்போது ஒருபுறம் இழுபடுகிறது, மறுபுறம் நெருக்குண்கிறது. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. வலிமை புறத்திலும் இலேசு அகத்திலும் இருத்தலே முறை. மூங்கிலிலும் புறத்தோலை அடுத்த நாரே வலியது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையிற் பெரும்பட்டம் ஏற்றுவோர்க்கு மூங்கிலின் அருமையை நாம் சொல்லவேண்டுவதில்லை.

இறக்கைக்கும் இதுவே விதி. நீளவாட்டில் ஓடும் முதுகெலும்புச் சட்டத்தின் மேலும் கீழும் வலிய மரக்கீற்றுகள். இடையே மெல்லிய ஒட்டுப்பலகை. நீரின் எடையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே உள்ள பால்சா மரம் விலா எலும்புகளுக்குப் போதும். பால்சா கிடையாதெனின், ரெஜிபோமை உள்ளீடாக வைத்து மெல்லிய மரத்தகட்டாற் போர்த்தலாம். ரெஜிபோம் தனியே நில்லாது. எஞ்சின்கள் பொருந்துமிடத்தில் ஒட்டுப்பலகை வேண்டும். அவ்விடத்திற் சட்டத்தை வெட்டலாகாது.

இது விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரிய நுட்பமன்று. 1940இல் முதன்முதற் பறந்த இரட்டை எஞ்சின் விமானமாகிய மொஸ்கீற்றோ மரத்தாலானது. அதன் உடற்சுவர் இரு ஒட்டுப்பலகைகளின் நடுவே பால்சாவை வைத்து அமைக்கப்பட்டது. முதலிற் பாலின் புரதமாகிய கேசீன் பசையைப் பயன்படுத்தியோர், பின்னர் ஈரந்தாங்கும் செயற்கைப் பிசினுக்கு மாறினர். மாரிக்காலத்து ஈரத்தை அறிந்த நாமும் பசையை மரத்தைப்போலவே ஆராய்ந்து தெரிதல் வேண்டும்.

இறுதியாக, பறக்கவிடுமுன் சோதனை. 60 பாகை சரிந்து திரும்பும்போது இறக்கையின் சுமை இருமடங்காகும். பாய்ந்திறங்கி நிமிர்கையில் அதனினும் மிகும். ஆதலின் இறக்கையைக் கவிழ்த்து, நடுவைத் தாங்கி, விமானத்தின் எடையில் நான்கு மடங்கு மணற்பைகளை நுனிவரை பரப்புக. முறியுமாயின் நிலத்தில் முறியட்டும். நட்டம் மரக்கீற்றோடு போம். வானில் முறியுமாயின், சுழலும் விசிறிகளோடு வீழ்வது எவர் தலையிலென்று யாரறிவார்?