பாய்க்கும் பாய்க்கும் நடுவே இரண்டரை அடி

கள்ளக்குறிச்சியில் ஒரு மாணவர் விடுதி. பெயர் வேண்டாம், ஏனென்றால் குறை அந்த ஒரு விடுதியில் மட்டும் இல்லை. இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் அறையில் பதினோரு பாய்கள் விரித்துக் கிடந்தன. சுவரோரம் முழுக்கத் தகரப் பெட்டிகள். இருந்த ஒரே ஜன்னலையும் கொசுவுக்குப் பயந்து சாத்திவிட்டார்கள். குனிந்து, இரண்டு பாய்களுக்கு நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை.

“என்னா சார் அளக்கிறீங்க?” என்று கேட்டான் ஒரு முதலாண்டு மாணவன். கல்வராயன் மலையில் இன்னாடு பக்கத்துப் பையன். எவ்வளவு நெருக்கமாகப் படுக்கிறீர்கள் என்று பார்க்கிறேன் என்றேன். “மலையில எங்க வீடு சின்னதுதான் சார். ஆனா இதவிட எடம் இருக்கும்” என்றான். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நான் அளந்ததற்குக் காரணம் ஒரு கிருமி. மெனிங்கோகாக்கஸ் என்று பெயர். மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் மிக வேகமாக ஆளைக் கொல்வது இதுதான். ஆனால் இது குடியிருப்பது பெரும்பாலும் நோயாளிகளிடம் அல்ல. நல்ல ஆரோக்கியத்தோடு ஓடியாடும் ஆட்களின் மூக்கும் தொண்டையும் சேருமிடத்தில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், ஒரு தும்மல்கூடத் தராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இதை இப்படிச் சுமக்கிறார். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 19 வயதில் அது நாலில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது. கல்லூரிக்குள் காலடி வைக்கும் வயது அது.

1997 அக்டோபரில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தார்கள். முதல் நாளில் நூற்றுக்கு 7 பேரிடம் கிருமி இருந்தது. நான்காம் நாளில் 23 பேரிடம். நாலே நாள்! வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உண்டு, பேசி, சிரித்து, உறங்கியதைத் தவிர வேறொன்றும் நடந்துவிடவில்லை.

சுமப்பவர் நோயாளி அல்லர். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பெரும்பாலானவர்களின் உடல் இந்தக் கிருமியைச் சுமந்தபடியே அதற்கு எதிர்ப்பைத் தேடிக்கொள்கிறது. எப்போதாவது, யாரோ ஒருவரிடத்தில், அது தொண்டையைத் தாண்டி ரத்தத்தில் இறங்குகிறது. காலையில் காய்ச்சல், தலைவலி என்று படுத்த பிள்ளை மறுநாள் காலையில் இல்லாமல் போகலாம். சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது போகிறது, சிலருக்கு விரலோ காலோ போகிறது.

எங்கோ வெளிநாட்டு வியாதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1985-லும் 2005-லும் டெல்லி இதைக் கண்டிருக்கிறது. 2008, 2009-ல் மேகாலயாவிலும் திரிபுராவிலும் மலைமக்கள் நடுவே பரவியது. குளிரும் வறட்சியும் சேர்ந்த மாதங்களே இதற்கு வாகான காலம். கல்வராயன் மலையடிவாரத்தில் கார்த்திகை பிறந்துவிட்டால் எந்த விடுதி ஜன்னல் திறந்திருக்கும்?

மருந்து, தடுப்பூசி எல்லாம் வருவதற்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாயிற்று. 1917-ல், முதல் உலகப் போர் நேரத்தில், பிரிட்டிஷ் ராணுவ முகாம் ஒன்றில் ஆள் பெருத்துக் கட்டில்களுக்கு இடையே ஓர் அடி இடம்கூட இல்லாமல் போயிற்று. கிருமி சுமப்போர் பெருகினர். பின்னாலேயே காய்ச்சலும் வந்தது. குளோவர் என்ற ராணுவ மருத்துவர் கட்டில்களை இரண்டரை அடி தள்ளிப் போடச் சொன்னார், ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். சுமப்போர் எண்ணிக்கை இறங்கியது. ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டரை அடி இன்னும் வரவில்லை.

2025 ஜூலையில் தமிழக அரசு தன் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டியது. நல்ல பெயர், மனதார வரவேற்கிறேன். அந்த நீதி பாய்களுக்கு நடுவிலும் தெரிய வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து பிழைப்புத் தேடி வெளியூர் போகும் பெற்றோர் பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியிலும் விடுதியிலும் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம்தான் வீடு.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள், விமானம் ஏறும் முன் இந்தக் கிருமிக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்கிறார்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் அதை வலியுறுத்துகின்றன. இங்கே தனியார் கிளினிக்கில் அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஹஜ் பயணிகளுக்கு ஆண்டுதோறும் இந்த ஊசியைப் போட்டு அனுப்புகிறோம், ஆக அரசு சுகாதாரத் துறைக்கும் இது புதிதல்ல. ஐந்து வகை மெனிங்கோகாக்கஸைத் தடுக்கும் ஊசியைப் புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒப்புதல் தந்தது, 2024-ல் நைஜீரியா முதல் நாடாகப் போடத் தொடங்கியது. புனேயில் செய்த ஊசி ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைப் பையனுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

எல்லோருக்கும் நாளைக்கே ஊசி போடுங்கள் என்று கேட்கவில்லை. முதலில் விடுதி மாணவர்களிடம் ஒரு தொண்டைச் சோதனை ஆய்வு நடக்கட்டும். சிறுவங்கூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதைச் செய்யப் பேராசிரியர்கள் அங்கேயே இருக்கிறார்கள், ஆய்வகமும் இருக்கிறது. எந்த வகைக் கிருமி எவ்வளவு உலவுகிறது என்று தெரிந்தால் எந்த ஊசி, யாருக்கு என்று முடிவெடுக்கலாம். அந்த ஆய்வில் எந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே வரக் கூடாது. கொரோனா காலத்தில் வீட்டுக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரை நாம் மறக்கவில்லை. ‘மலைப் பசங்கதான் கொண்டுவந்தாங்க’ என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், அந்தப் பிள்ளைகளின் படிப்பே நின்றுபோகும். கிருமி சுமப்பது யார் குற்றமும் இல்லை.

அடுத்தது நேரம். மலைமேல் ஒரு பிள்ளைக்கு இரவில் இந்தக் காய்ச்சல் கண்டால், ஆம்புலன்ஸ் வளைவுகளில் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி சேர வேண்டும். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க்கணக்கு. ஆகவே சந்தேகம் வந்ததுமே, கீழே அனுப்பும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியின் முதல் டோஸைப் போட்டு அனுப்ப வேண்டும். விலை மிகுந்த மருந்தல்ல அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகளை விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் அந்த மக்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது அரசுக்குத் தெரியாத சேதி அல்ல.

இந்த நோயை உறுதிசெய்ய முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிப்பார்கள். “முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தா காலு வராமப் போயிடும்” என்ற பயம் நம் கிராமங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பயத்தில் கையெழுத்துப் போட மறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. அந்தச் சோதனையால் கால் போகாது. அதை எடுத்துச் சொல்ல, மலைமக்கள் நம்பும் ஓர் ஆள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால், ஒரே அறையில் படுத்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை போய்ச் சேர வேண்டும். விடுதி முழுக்கவோ ஊர் முழுக்கவோ மாத்திரையை வாரி இறைக்கக் கூடாது, பிறகு அந்த மருந்து கேட்காமல் போய்விடும்.

வார்டன்களுக்கும் சமையல் அக்காக்களுக்கும் நாலு அடையாளம் தெரிந்திருந்தால் போதும். கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி. தாடையை நெஞ்சில் தொட முடியாத கழுத்து விறைப்பு. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, உளறல். தோலில் கண்ணாடி டம்ளரை அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள். கறுத்த தோலில் அந்தப் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்பக்கம் பார்க்க வேண்டும். பார்த்ததும் 108-ஐ அழைக்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். இன்று அதற்கென்று ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறைக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வரும் கார்த்திகை பிறப்பதற்குள் மாவட்டத்தின் ஒவ்வொரு விடுதி அறைக்கும் ஓர் அளவு நாடாவோடு போங்கள். இரவு ஒன்பதரைக்குப் போங்கள், பாய்களை விரித்திருக்கும் நேரம் அதுதான்.