தெருவிளக்கு நகராட்சிக்கு, ஆறு யாருக்கு?

கேரளத்தின் அதிகாரப் பரவலாக்கத்தைப் போற்றி எழுதுவது நம் சமூக அறிவியல் துறைகளில் ஏறத்தாழ ஒரு மரபாகிவிட்டது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு அளித்த துணிவு, கிராம சபைகளில் பெண்கள் பெற்ற இடம் ஆகியவை ஆய்வேடு தோறும் மேற்கோளாகின்றன. இவை போற்றத்தக்கவைதாம். ஆயினும் ஏலூரை முன்வைத்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: ஒரு மன்றத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று எண்ணிய நாம், அதன் கைக்கு எட்டாத உயரத்தில் எவற்றை வைத்தோம் என்று எப்போதாவது எண்ணினோமா?

ஏலூர் கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே தீவுபோல் கிடக்கும் ஊர். மக்கள் தொகை ஏறத்தாழ 30,000. உரம் தயாரிக்கும் ஃபாக்ட், மலேரியா ஒழிப்புத் திட்டத்துக்கு டி.டி.டி. வழங்கிய இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ், இந்தியன் ரேர் எர்த்ஸ், திருவாங்கூர் கொச்சின் கெமிக்கல்ஸ் ஆகியவை இவ்வூரில் அமைக்கப்பட்டன. எதிரே எடையார்த் தொழிற்பேட்டை. குழிக்கண்டம் ஓடையின் படிவில் டி.டி.டி. உள்ளிட்ட நச்சுகள் இருப்பதை 1999இலேயே கிரீன்பீஸ் ஆய்வு காட்டியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட குறியீட்டில் பெருங்கொச்சிப் பகுதி 75.08 புள்ளிகளுடன் கடும் மாசுப் பகுதிகளுள் ஒன்றாயிற்று. மறு ஆண்டே ஏலூர் ஊராட்சி நகராட்சியாக உயர்த்தப்பட்டது. பெயர் உயர்ந்தது. ஆற்றின்மீது அதற்கு உரிமை ஏதும் கூடவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பொருள்களை வரிசைப்படுத்துகிறது. எட்டாவது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. நடைமுறை வேறு. கழிவுநீரை வெளியேற்ற இசைவு தருவது 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பாதாளம் மதகுப் பாலத்தைத் திறப்பதும் மூடுவதும் நீர்ப்பாசனத் துறை. அந்த வாரியத்தில் மாநிலம் முழுவதிலுமுள்ள உள்ளாட்சிகளுக்குச் சேர்த்து அதிகபட்சம் ஐந்து இடங்கள். அவற்றுக்கு ஆள் நியமிப்பதும் மாநில அரசே. இங்குள்ள பெரிய ஆலைகள் பலவும் பொதுத்துறை நிறுவனங்கள். ஆலையும் அரசினுடையது, அதைக் கண்காணிக்கும் வாரியமும் அரசினுடையது. வாசலில் நச்சு ஓடும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு மட்டும் பார்வையாளர் இருக்கை.

இதன் விளைவை 2024 மே மாதம் பார்த்தோம். 20ஆம் தேதி இரவு முதல் பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்தன. வராப்புழை, சேரானல்லூர், கடமக்குடிப் பகுதிகளில் கடன் வாங்கிக் கூண்டுகளில் மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் முதலை இழந்தார்கள். மதகுகள் திறக்கப்பட்டதால் உயிர்வளி குறைந்த நீர் பாய்ந்தது என்றது வாரியம். அம்மோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது மீன்வள, கடலியல் பல்கலைக்கழகம். துறைக்கொரு விளக்கம் கிடைத்தது. ஆனால் மதகு திறக்கும் முன் கரையோர ஊராட்சிகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. செத்த மீனை அள்ளும் பொறுப்பு மட்டும் உள்ளூருக்கு வந்து சேர்ந்தது.

சட்டம் செல்லும் திசையும் கவலை தருகிறது. கேரளத்தின் 2018ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் உள்ளாட்சிகளின் உரிம அதிகாரத்தைச் சுருக்கியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் சிறு, குறுந்தொழில்கள் மூன்றாண்டு வரை உரிமமின்றி இயங்க வழிவிட்டது. மாசு மிகுந்த சிவப்புப் பட்டியலுக்கு இச்சலுகை இல்லை என்பது உண்மை. ஆனால் உள்ளாட்சியின் கேள்வியைத் தடங்கலாகவே காணும் மனப்பான்மை அச்சட்டங்களில் வெளிப்படை. பிளாச்சிமடையை நினைத்துப் பாருங்கள். பெருமாட்டி என்ற சிற்றூராட்சி 2003இல் கோக்கோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததால்தான் நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது. அந்த மறுக்கும் உரிமை இல்லாதிருந்தால் அக்கேள்வியே பிறந்திராது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக வருகின்றன. முதலாவது, ஆலை போனால் வேலை போகும் என்பது. ஆலையை மூடுவது இங்கே கோரிக்கையே அன்று. தொழிலாளியும் அதே கிணற்று நீரைக் குடிப்பவர்தாம். அவருடைய கூலியையும் நுரையீரலையும் எதிரெதிரே நிறுத்துவது நேர்மையற்ற வாதம். இரண்டாவது, கவுன்சிலர்களுக்கு வேதியியல் தெரியாது என்பது. நிதியமைச்சர் எவரும் கணக்காயராக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. அளவீட்டை நிபுணர் செய்யட்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை மக்கள் மன்றத்துக்கு இருக்கட்டும்.

கேட்பவை மிகையானவை அல்ல. ஒவ்வோர் ஆலையின் கழிவுநீர் அளவீடும் காலாண்டுக்கு ஒருமுறை மலையாளத்தில் வார்டு சபையின்முன் வைக்கப்பட வேண்டும். மதகுகளைத் திறக்குமுன் கீழ்க்கரை உள்ளாட்சிகளுக்கு அறிவிப்பது சட்டக் கடமையாக வேண்டும். ஏலூரும் கடுங்ஙல்லூரும் வராப்புழையும் தனித்தனியே தீர்மானம் போட்டுக்கொண்டிராமல், ஆற்றுக்கென ஒரு கூட்டு மன்றமாக அமர வழி வேண்டும். நொய்யலின் சாயக்கழிவுக்கு ஒரத்துப்பாளையம் அணை தொட்டியானதைக் கண்ட தமிழ்நாட்டுக்கும் இவை பொருந்தும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உள்ளாட்சியைப் பற்றிக் களப்பணிக்குச் செல்லும்போது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நில்லாதீர்கள். அந்த ஊரின் உயிரைத் தீர்மானிக்கும் எந்த முடிவு அந்தக் கூட்டத்துக்கு வராமலே எடுக்கப்பட்டது, எந்த அலுவலகத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.