ஜனாதிபதிக்கு நேரடி ஓட்டா?

"பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போடுகிறோம், சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் போடுகிறோம். ஜனாதிபதிக்கு மட்டும் நமக்கு ஓட்டில்லையே, இது என்ன ஜனநாயகம்?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இன்றுள்ள முறை என்ன? பாராளுமன்ற இரு சபைகளுக்கும், ராஜ்ய சட்டசபைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மெம்பர்களே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியமன மெம்பர்களுக்கு ஓட்டில்லை. 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. 234 பேருக்கும் சேர்த்து 41,184. மொத்த மதிப்பில் பாதி பாராளுமன்றத்துக்கு, பாதி ராஜ்யங்களுக்கு. டில்லியில் மட்டும் பலம் இருந்தால் போதாது.

1948இல் அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா நேரடித் தேர்தல் கோரினார், சபை ஏற்கவில்லை. நம் நாட்டில் ஆளுவது மந்திரிசபை. அது லோக் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கில் ஓட்டு வாங்கிய ஜனாதிபதியோ, "என்னையும் ஜனங்கள்தான் அனுப்பினார்கள்" என்று பாராளுமன்றத்தையே மீறத் துணிவார்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1978 அரசியல் சட்டம் அங்கே அதிகாரத்தை ஜனாதிபதி கையில் குவித்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 1982 அக்டோபரில் நேரடி ஓட்டில் வென்ற ஜெயவர்த்தனா, டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, பொதுத் தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருஷம் நீட்டினார். 2019இல் 69 லட்சம் ஓட்டு வாங்கிய கோத்தபயவை, 2022இல் ஜனங்கள் தெருவில் இறங்கித்தான் துரத்த வேண்டியிருந்தது. இங்கோ 1999இல் வாஜ்பாய் மந்திரிசபை லோக் சபையில் ஒரே ஓட்டில் கவிழ்ந்தது.

பணத்தையும் எண்ணிப் பாருங்கள். 2024இல் நம் நாட்டு வாக்காளர் சுமார் 97 கோடி. அத்தனை பேரிடமும் ஒரு தனி மனிதனின் பெயரைக் கொண்டு போகப் பணம் எங்கிருந்து வரும்? ஆலைத் தொழிலாளியின் சந்தாவிலிருந்தா? பெருமுதலாளியின் இரும்புப் பெட்டியிலிருந்துதான் வரும்.

இன்றைய முறை குறையற்றதென்று நாம் சொல்லவில்லை. 1959இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையைக் கலைத்த உத்தரவிலும், 1975 அவசரநிலைப் பிரகடனத்திலும் இருப்பது ஜனாதிபதியின் கையெழுத்தே. ஆனால் இரண்டையும் கேட்டு வாங்கியது டில்லி சர்க்கார். எனவே ராஜ்ய மந்திரிசபைகளைக் கலைக்கும் 356ஆவது ஷரத்தை ஒழிக்கப் போராடுவோம்.

தோழர்களே! தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் போதாது; தவறினால் இறக்கும் உரிமையும் வேண்டும். அந்த உரிமை பாராளுமன்றத்தில் இருக்கிறது. அதை ஒரு மனிதரின் காலடியில் வைக்கும் எந்தத் திட்டத்தையும் ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் எதிர்த்துப் பேசுவோம்.