கூடத்துச் சுவரில் எத்தனை அங்குலம்?

கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் சில வாரங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. வளைகுடா நாட்டில் பணியாற்றும் அவருடைய மூத்த மகன் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு ஊர் திரும்புகிறான். வந்ததும் வீட்டிற்கு 65 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். பாட்டிக்காகத்தான் வாங்குகிறானாம். எண்பது வயதைக் கடந்த அம்மூதாட்டி, இடுப்பெலும்பு முறிந்த நாள் முதல் கோவிலுக்குச் செல்ல இயலாமல், சன்னலோரக் கட்டிலில் அமர்ந்தபடியே காலைத் திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டு வருகிறார். இப்போதுள்ள 32 அங்குலப் பெட்டியில் பாடல் வரிகள் அவருக்குத் தெரிவதில்லை. குருவானவரின் முகங்கூட மங்கலாகத்தான் தெரிகிறது. புதிய பெட்டியை மாட்டத் தோதான சுவரிலோ, முப்பது ஆண்டுகளுக்கு முன் பங்குத்தந்தை மந்திரித்து நிறுவிய திருஇருதயப் படம் இருக்கிறது. "படத்தை வேறிடத்திற்கு மாற்றலாமா? மாற்றினால் குற்றமாகுமா?" என்று சகோதரி கேட்டிருந்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மடலின் முதற்பாதியைப் படித்தவுடனே, ஆடம்பரத்தைக் கடிந்து நான்கு வரி எழுதவே எனக்குக் கை துடித்தது. நம்மைப் போன்றவர்களுக்குத் தொலைக்காட்சி என்றாலே கண்டிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பாட்டியைப் பற்றிய வரிகள் என் பேனாவை நிறுத்திவிட்டன. கோவிலுக்குப் போக முடியாத ஒருவர் திருப்பலியைத் தெளிவாகக் காண விரும்புவது ஆடம்பரமா?

திருச்சபையும் அவ்வாறு எண்ணவில்லை. அசிசி நகர்ப் புனித கிளாரா நோயுற்றுப் படுக்கையில் கிடந்த ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவிலிருந்த கோவிலில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. அதை முன்னிட்டே 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அப்புனிதையைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். 2020-இல் பெருந்தொற்றினால் கோவில்கள் அடைக்கப்பட்டிருந்த மாதங்களில், நம் வீடுகளில் எத்தனை பேர் தொலைக்காட்சியின் முன் முழந்தாளிட்டோம் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே சகோதரியிடம் வேறொன்று கேட்டேன். "அளவு நாடாவை எடுத்துக் கூடத்தை அளந்து எழுதுங்கள்" என்றேன். அவரும் தாமதியாமல் எழுதினார். கூடம் 9 அடி அகலம், 14 அடி நீளம். தெருவைப் பார்த்த சுவரில் வாசற்கதவும் சன்னலும். சன்னலின் கீழே பாட்டியின் கட்டில். அதற்கு நேரெதிர்ச் சுவரில் சமையலறைக் கதவுக்கு 3 அடி போக எஞ்சுவது 6 அடி. அதில் இரண்டரை அடியைத் திருஇருதயப் பீடம் கொள்ள, எஞ்சிய இடத்தில் ஒரு மேசைமேல் தொலைக்காட்சி. பாட்டியின் கண்ணுக்கும் பெட்டிக்கும் இடையே 11 அடி.

இங்கே அங்குலக் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் 65, 43 என்பவை திரையின் அகலமல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள நீளம். இக்காலத் திரைகளின் அகலமும் உயரமும் 16-க்கு 9 என்ற விகிதத்தில் அமைவதால், 65 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 144 சென்டிமீட்டர், உயரம் 81. 43 அங்குலத்திற்கு அகலம் 95, உயரம் 54. 32 அங்குலத்திற்கு 71-ம் 40-ம். சகோதரியின் சுவரில் பீடம் போக எஞ்சுவது மூன்றரை அடி, அதாவது 107 சென்டிமீட்டர். படத்தை எடுக்காமல் 65 அங்குலம் அங்கே நுழையாது என்பது உண்மையே.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் பெருமை பெட்டியை மட்டும் பொறுத்ததன்று. பெட்டிக்கும் நமக்கும் உள்ள தொலைவையும் பொறுத்தது. தொலைவு பாதியானால் படம் இரு மடங்காகத் தெரியும். கடைக்கு நாம் அங்குலத்தை வாங்கப் போகிறோம். அடியை அளந்துகொண்டு போவதில்லை. 11 அடியிலிருந்து 65 அங்குலம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, 7 அடியிலிருந்து 43 அங்குலம் அதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஐயமிருப்போர் வகுத்துப் பார்க்கலாம். 11 அடி என்பது 132 அங்குலம். அதை 65-ஆல் வகுத்தால் இரண்டுக்குச் சற்று மேல். 7 அடி 84 அங்குலம். அதை 43-ஆல் வகுத்தால் இரண்டுக்குச் சற்றுக் கீழ். வீட்டிலிருக்கும் பழைய 32 அங்குலப் பெட்டியே 7 அடியில், 11 அடியிலுள்ள 50 அங்குலப் பெட்டிக்கு நிகராகும்!

கூடத்தின் நீண்ட பக்கச்சுவர் ஒன்றில் சன்னலோ கதவோ இல்லை என்று சகோதரி எழுதியிருந்தார். பெட்டி அங்கே போகட்டும். அதற்கு எதிர்ச்சுவரில் பாட்டி சாய்ந்து அமர்ந்தால் தொலைவு சரியாக 7 அடி. திருஇருதயப் படம் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. இப்போது பெட்டி சன்னலுக்கு நேரெதிரே இருப்பதால், காலைத் திருப்பலி நேரத்தில் கிழக்கு வெளிச்சம் முழுவதும் திரையில் விழுந்து பளபளக்கிறது. பாட்டியின் கண்ணைக் குறை கூறியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. பக்கச்சுவருக்குப் போனால் அந்தக் கூச்சம் பெரிதும் நீங்கும்.

அருகில் அமர்ந்தால் கண் கெட்டுவிடும் என்று நம் தாய்மார் அஞ்சுவதுண்டு. கண் களைக்கலாம், கெட்டுப் போவதில்லை. ஒரு குழந்தை எப்போதும் திரையை ஒட்டியே போய் நின்றால், அதற்குக் கிட்டப்பார்வை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இனி, கடைக்காரர்கள் வேறொரு கணக்கும் சொல்வார்கள். திரையரங்கில் அமர்ந்தாற்போன்ற உணர்வு வேண்டுமெனில் தொலைவை 1.6-ஆல் வகுக்க வேண்டும் என்பார்கள். அதுவும் பொய்யான கணக்கல்ல. அதன்படி 7 அடிக்கு 52 அங்குலம் வரை போகலாம். ஆனால் அது மிகத் தெளிவான படம் வரும்போது பொருந்தும் கணக்கு. கேபிளிலும் டிடிஎச்சிலும் சாதாரணத் தரத்தில் வரும் படத்திற்கு, திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தொலைவு இருந்தால்தான் கலங்கல் தெரியாது. 32 அங்குலத்திற்கு அது 8 அடிக்குச் சற்றுக் குறைவு. 43 அங்குலத்திற்கோ பத்தரை அடி. பெரிய பெட்டியை வாங்கி வந்தபின், "பழையதே தெளிவாக இருந்ததே" என்று முணுமுணுக்கும் வீடுகள் பல. பெட்டியில் பழுது ஒன்றுமில்லை. உள்ளே வரும் படத்தை அது விரித்துக் காட்டுகிறது. எச்.டி. தரத்தில் வரும் அலைவரிசைகளைக் கட்டணத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டால் இக்குறை பெரிதும் தீரும். 4கே என்று எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 43 அங்குலத் திரையில் அதன் நுட்பம் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால் ஐந்தரை அடிக்குள் அமர வேண்டும்.

விலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. வரி குறைந்தது என்பதற்காகக் கூடம் அகலமாகிவிடவில்லை.

மாட்டும் உயரத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாட்ட வருபவர்கள், தங்கும் விடுதிகளில் கண்ட பழக்கத்தில், நிற்பவன் தலைக்கு மேலே ஆணி அடித்துவிட்டுப் போகிறார்கள். பிறகு வீடே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியால் அவதிப்படுகிறது. நாற்காலியில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடிக்குச் சற்று மேலிருக்கும். பாயில் அமர்ந்த பிள்ளைகளின் கண் இரண்டரை அடியில். திரையின் நடுப்பகுதி மூன்றேகால் அடி உயரத்தில் இருந்தால் இருவருக்கும் ஒத்துப்போகும். 43 அங்குலத் திரையாயின் அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடியில் நிற்கும். ஆணி அடிக்கும் முன், பழைய செய்தித்தாள்களைத் திரையின் அளவுக்கு ஒட்டி வெட்டிச் சுவரில் பசையிட்டு, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை அது.

படத்தை மாற்றுவது குற்றமா என்ற வினாவுக்கு வருகிறேன். குற்றமில்லை. வெள்ளையடிக்கும்போது எடுத்து மாட்டுகிறோமே! ஆயினும் 1907-இல் அருள்தந்தை மத்தேயோ குரோலி-போவி இல்லங்களில் திருஇருதயத்தை அரியணையேற்றும் பக்தி முயற்சியைத் தொடங்கியபோது, வீட்டின் தலைமையிடத்தில் படம் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அந்த இடத்தை வேறொன்றுக்குத் தருவதற்கு வலுவான காரணம் வேண்டும். அளந்து பார்த்ததில் காரணமே இல்லாமற் போயிற்று.

இதை எழுதும்போது பழைய பெட்டிகள் நினைவுக்கு வருகின்றன. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், சாலிடேர், டயனோரா என்று வந்த பெட்டிகள் பலவற்றில் மரக்கதவுகள் இருந்தன. செபமாலை நேரம் வந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிடலாம். தெருவிலுள்ளவர்கள் எல்லாரும் திரண்டு வந்து ஒரு 20 அங்குலத் திரையைப் பார்த்தார்கள். அங்குலம் போதவில்லை என்று ஒருவரும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. 2006-இல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய பெட்டியும் 14 அங்குலந்தான். இன்றைய கருந்திரைக்குக் கதவில்லை. பீடத்தின் எதிரே வைத்தால் மெழுகுதிரிச் சுடரைத் தன்னுள்ளே காட்டிக்கொண்டு செபத்தின்போதும் கண்ணை இழுக்கும். பக்கச்சுவரில் அந்தத் தொல்லை குறைவு. 1994-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தொலைக்காட்சியும் குடும்பமும் என்பதையே பொருளாகக் கொண்டு செய்தி விடுத்தார். அதில் அங்குலக் கணக்கு இல்லை. பெட்டியை அணைக்கத் தெரிய வேண்டும் என்பது இருக்கிறது.

"புதிதாக ஒன்றும் வாங்குமுன், பழைய பெட்டியையே பக்கச்சுவருக்கு நகர்த்துங்கள். பாட்டியின் கட்டிலையும் எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று சகோதரிக்கு மறுமொழி அனுப்பினேன். எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டேன் என்ற நிறைவு எனக்கு.

மறுமடல் வந்தது. பெட்டியை நகர்த்தினார்களாம். பாட்டிக்கு எழுத்துகள் பாதிக்கு மேல் தெரிந்தனவாம். ஆனால் இரண்டாம் நாளே அவர் முகம் வாடிவிட்டதாம். "என்னைச் சன்னலைவிட்டு ஏன் பிரித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அந்தச் சன்னல் வழியாகத்தான் காலையில் கடலுக்குப் போகிறவர்களையும் திரும்பி வருகிறவர்களையும் அவர் பார்க்கிறார். மீன் கூடையோடு போகிற பெண்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். கூடத்தை அளக்கச் சொன்ன நான், அந்த அம்மையாரிடம் ஒரு சொல் கேட்கச் சொல்லவில்லை. தவறு என்னுடையது.

வழி கண்டவர் சகோதரியேதான். கட்டில் மீண்டும் சன்னலுக்குப் போய்விட்டது. எதிர்ச்சுவரில், பெட்டியிலிருந்து 7 அடியில், கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று போட்டிருக்கிறார்கள். காலைத் திருப்பலிக்கும் மாலைச் செபமாலைக்கும் மருமகளும் இளைய பேரனும் இருபுறமும் தாங்கிப் பாட்டியை அங்கே நடத்தி வருகிறார்கள். நாள்தோறும் சில அடிகளாவது நடக்க வேண்டுமென்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தாராம். அதுவரை அவரை எழுப்பத்தான் ஆளில்லை. மகனிடம் 43 அங்குலம் போதுமென்று சொல்லிவிட்டார்கள். முதலில் அவனுக்கு மனத்தாங்கல். 7 அடிக் கணக்கைத் தொலைபேசியில் கேட்டபின் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

நாற்காலி இடம் மாறிவிடக் கூடாதென்று, அதன் நான்கு கால்களும் நிற்க வேண்டிய இடத்தைப் பேரன் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்திருக்கிறானாம். கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் அது அழிந்துவிடுகிறது. அவனும் சலிக்காமல் மீண்டும் அளந்து குறிக்கிறான் என்று சகோதரி எழுதியிருக்கிறார்.