நம் கூலிக் கணக்கு நம் கையில் இருக்கட்டும்



உத்திரமேரூருக்கு அருகே திருப்புலிவனம் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் தானம் கொடுத்தார், என்ன கொடுத்தார் என்பதெல்லாம் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. உத்திரமேரூரில் இருப்பது முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ஜனநாயகம் என்று டில்லித் தலைவர்கள் புகழ்கிறார்களே, அதேதான். அது என்ன சொல்கிறது? பெயர் குடத்தில் விழக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். வேதம் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும்! அந்த நிலத்தில் உழுதவனுக்கும் நட்டவளுக்கும் என்ன கூலி? அதை எழுத ஒரு சாண் கல்லைக்கூட ஒதுக்கவில்லை.

இன்று கல்லும் வேண்டாம், உளியும் வேண்டாம். கூலிக்காரர் மடியிலும் செல்போன் இருக்கிறது. ஆனால் யார் யாரைப் பதிவு செய்கிறார்கள்? நூறு நாள் வேலைத்தளங்களில் தொழிலாளரை நாளுக்கு இரண்டு தடவை படமெடுத்து ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. சிக்னல் கிடைக்கவில்லையா? வெயிலில் மண் வெட்டியவள் வேலைக்கே வரவில்லை என்றாகிவிடும், கூலி போச்சு! ஊழலாவது ஒழிந்ததா? படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அவ்வாண்டு டிசம்பரில் 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தையே நிறைவேற்றிவிட்டார்கள். எடுத்த படங்கள் சர்க்காரின் கணினியில். பாக்கிக் கூலிக்கு அலைகிற பெண்ணின் கையில் என்ன இருக்கிறது?

உழைப்பவர் பக்கம் நின்று பதிகிறவர்களும் உண்டு. பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் தொடங்கிய கிராமப்புற மக்கள் ஆவணக் களஞ்சியம் சாதாரண மக்களின் அன்றாட வாழ்வைத் தமிழிலும் தருகிறது. மராட்டியப் பெண்கள் திரிகை சுற்றிக்கொண்டே பாடிய லட்சத்துக்கு மேற்பட்ட பாடல்களின் சேகரம் அதனிடம் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு சேரிக்கும், ஒவ்வொரு மில் வாசலுக்கும் சாய்நாத் வந்துகொண்டிருக்க முடியுமா?

ஆகவே நாமே செய்ய வேண்டும். வேலை அட்டை, சம்பளச் சீட்டு, ஓவர்டைம் கணக்கு எல்லாவற்றையும் படமெடுங்கள். கிழவிகளிடம் நடவுப் பாட்டையும், நெல்லாகக் கூலி அளந்த காலத்துக் கதையையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் குரலைப் பதியுங்கள். போன் சேற்றில் விழும். இனாமாக இடம் தரும் கம்பெனி நாளை காசு கேட்கும். தேதி, இடம், வேலை, கூலி நான்கையும் நாற்பது பக்க நோட்டிலும் குறியுங்கள். படங்களுக்கும் குரலுக்கும் ஒரு பிரதி சங்க அலுவலகத்தில் இருக்கட்டும்.